சுகர் உள்ளவர் பல் எடுக்கும்போது: புண் ஆறவும் சீழ் பிடிக்காமல் இருக்கவும்

“சுகர் இருக்கா? அப்ப பல்லுல கை வைக்காத, புண்ணு ஆறாது.” பாம்பனில் இருந்து தொண்டி வரை எந்தத் தெருவிலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத சுகரோடு பல் எடுத்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். சுகர் கட்டுக்குள் இருப்பவருக்கோ, பல் எடுத்த குழி மற்றவர்களுக்கு ஆறுவது போலத்தான் ஆறும். இந்தப் பேச்சை நம்பி, வேர்வரை அழுகிய கடைவாய்ப்பல்லை வலி மாத்திரையிலேயே ஆறு மாதம் ஓட்டுகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார். வேர் நுனியில் சீழ் இருக்கும்வரை அதை எதிர்க்க உடல் சுரக்கும் ஹார்மோன்கள் சுகரை ஏற்றும். ஏறிய சுகர் வெள்ளை அணுக்களை மந்தமாக்கும். சீழ் இன்னும் பெருகும். மாத்திரையைக் கூட்டியும் சுகர் இறங்காத சிலருக்குக் காரணம் வாயில்தான் இருக்கும்.

புண் தாமதமாக ஆறுவதற்குக் காரணங்கள் உண்டு. சுகர் நெடுநாள் ஏறியே இருந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தடித்து, குழிக்கு வரும் ரத்தம் குறையும். கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளை அணுக்கள் இடத்துக்கு வந்து சேர்வதும், வந்தபின் வேலை செய்வதும் மெதுவாகும். புதுச் சதைக்குச் சட்டமாக நிற்கும் கொலாஜனும் தரமாக உருவாகாது. எச்சில் வற்றி வாய் காய்ந்திருந்தால் குழியைக் கழுவவும் ஆள் இல்லை. இவை எல்லாமே சுகர் அளவைப் பொறுத்தவை. அதனால்தான் பாதி வேலை பல் எடுப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

நாள் குறிப்பது

முதலில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை. 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பயமில்லாமல் எடுக்கலாம். 7க்கும் 8க்கும் நடுவில் என்றால் பெரும்பாலான பல் மருத்துவர்கள் எடுப்பார்கள். 8ஐத் தாண்டி, பல்லும் அவசரமில்லாதது என்றால், சுகர் மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்துகொண்டு சில வாரங்கள் கழித்து வருவது நல்லது. அன்றைய அளவு தனிக் கணக்கு. ஊசி போடும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் 100 முதல் 180 வரை இருந்தால் நல்லது. 200ஐ ஒட்டி இருந்தால் மருத்துவர் பல்லையும் ஆளையும் பார்த்து முடிவு செய்வார். 250ஐத் தாண்டினால் சாதாரணப் பல்லை அன்று தொட மாட்டார்கள். 70க்குக் கீழே என்றால் சர்க்கரை கொடுத்து அளவை ஏற்றிய பிறகுதான் பேச்சே.

முகம் வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலும் இருக்கிறதென்றால் இந்தக் கணக்கு செல்லாது. “சுகர் இறங்கட்டும், பிறகு வா” என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. சீழ் வெளியேறாமல் சுகர் இறங்காது. இன்சுலினும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றிக்கொண்டே சீழை வெளியேற்ற, பல் மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

அவசரமில்லாத பல்லுக்குக் கிழமை பார்ப்பது அவசியம். ராகு காலத்துக்காக அல்ல. சீழோ குழி வலியோ பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான் தலைகாட்டும். சனிக்கிழமை மாலை பல் எடுத்தால் ரத்தக் கசிவு வரக்கூடிய ஞாயிறு அன்று கிளினிக் பூட்டிக் கிடக்கும். வியாழன், வெள்ளியில் எடுத்தால் மூன்றாம் நாள் ஞாயிறை ஒட்டி விழும். திங்கள் அல்லது செவ்வாய் காலை நல்லது. தனுஷ்கோடிப் பக்கம், மூக்கையூர், வாலிநோக்கம் என்று தள்ளி இருப்பவர்களுக்கு, ரத்தம் நிற்காமல் திரும்பி வர வேண்டியிருந்தாலும் அன்று மாலைக்குள் வண்டி கிடைக்கும்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் தோதான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஏப்ரல் தொடக்கத்திலேயே எச்பிஏ1சி எடுத்துப் பார்த்துவிட்டால் மருந்தைச் சரிசெய்யவும், பல் எடுக்கவும், குழி மூடவும் நேரம் இருக்கும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் நோன்பு வைக்கிறவர்கள் ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது நல்லது. நோன்பு நேரத்தில் பல் எடுக்க வேண்டி வந்தால், அந்த முதல் சில நாளுக்கு மருந்தும் சாப்பாடும் நேரப்படி போக வேண்டும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பல் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

மாத்திரைப் பெயர் நினைவில்லை என்றால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் ஆகியவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு பல் எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சும் தையலும் நிறுத்தும். இதயத்தில் அடைப்பு வந்தால் அதை நிறுத்தப் பஞ்சு போதாது. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசி போட்டிருந்தால், வருடம் கடந்திருந்தாலும் சொல்லுங்கள். அந்த மருந்து போனவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் உப்புச் சத்து, அதாவது கிரியேட்டினின், ரத்தத்தில் கூடியிருக்கிறதா என்பதும் முக்கியம். வலி மாத்திரை எது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. வழக்கம்போலச் சாப்பிட முடிந்தால் சிக்கலில்லை. வாய் வலியால் பட்டினி கிடந்தபடி இந்த மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். மீட்டரில் சுகர் அவ்வளவாக ஏறாமலே வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வந்தால் உடனே மருத்துவமனை. சாப்பாடு இறங்காத நாளில் என்ன செய்வது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை

பல் எடுக்க வெறும் வயிற்றோடு போவது சுகர்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு. முழு மயக்கம் கொடுக்கப் போவதாகச் சொல்லி மருத்துவரே பட்டினி இருக்கச் சொன்னால் தவிர, வழக்கமான இட்லி தோசையை வழக்கமான அளவில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடுங்கள். காரணம் எளிது. மரத்துப்போன வாய் தெளிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். கீழ்த்தாடை இன்னும் தாமதிக்கும். அதுவரை சாப்பிட முடியாது. காலையில் போட்ட இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையும் அதற்காகக் காத்திருக்காது.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மெல்ல விழுங்குங்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

முதல் 24 மணி நேரம்

குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் மருந்து, கட்டு, மூடி எல்லாம். அதைக் காப்பாற்றுவதுதான் முதல் நாள் வேலை. பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டி பிய்ந்து வரும். எச்சில் லேசாகச் சிவப்பதை ரத்தப்போக்கு என்று நினைத்துத் துப்பிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் ரத்தம் நிற்காது. விழுங்கிவிடுங்கள். வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை நனைத்து மடித்துக் குழியின் மேல் வைத்து, இன்னொரு 30 நிமிடம் விடாமல் கடியுங்கள். இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் திரும்புங்கள்.

உறிஞ்சுவது எதுவும் ஆகாது. ஸ்ட்ரா போட்ட இளநீர், நுங்கு, பீடி, நண்டுக்கால் எல்லாம் இதில் அடக்கம். பீடி, சிகரெட், வெற்றிலையோடு வைக்கும் புகையிலை, உதட்டுக்குள் ஒதுக்கும் பொட்டலம் இவற்றுக்குக் குறைந்தது மூன்று நாள் விடுப்பு. இரண்டு வாரம் என்றால் குழிக்கு நல்லது. நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். சுகர் ஏற்கெனவே சுருக்கி வைத்த குழாய் அது.

கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம் 10–15 நிமிடம் வைத்து எடுத்து, அதே அளவு நேரம் இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். முதல் நாளுக்கு மட்டும் இது போதும். மீன் பெட்டி ஐஸை உடைத்து வாயில் போட்டுக்கொள்வது வேண்டாம். அது குடிக்கும் தண்ணீரில் செய்ததல்ல. தூங்கும்போது தலையணை இரண்டு.

கொப்பளிக்கும் தண்ணீர்

முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது. 24 மணி நேரம் கழித்து, கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறவிட்ட ஒரு டம்ளர் குடிநீரில் (சுமார் 250 மி.லி.) தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையைப் பல் எடுத்த பக்கம் சாய்த்து, அரை நிமிடம் கழித்துத் தானாக வழிய விடுங்கள். ‘களக் களக்’ என்று அலசவும் வேண்டாம், பீய்ச்சித் துப்பவும் வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்னும், ஒரு வாரம்.

“உப்புத் தண்ணிதானே, கடல் தண்ணியே இருக்கே” என்பது இந்தக் கரையில் மட்டும் வரும் கேள்வி. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மேலே சொன்ன கலவையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கடல் நீரின் அவ்வளவு உப்பு புதுச் சதையின் ஈரத்தை இழுத்துவிடும். உப்பைவிடப் பெரிய கவலை கிருமி. வெதுவெதுப்பான கடலில் இயல்பாகவே வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் திறந்த புண் வழியாக நுழையும்; சுகர், கல்லீரல் நோய் உள்ளவர்களை அவை மோசமாகத் தாக்கும். இறங்குதளத்துத் தண்ணீரில் மீன் கழிவும் டீசலும் வேறு. வீட்டுக் கிணறு உவர்ப்பாக இருந்தால் அதையும் தவிர்த்துக் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே கொதிக்க வையுங்கள்.

மருத்துவர் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் எழுதியிருந்தால், 24 மணி நேரத்துக்குப் பின் காலையும் இரவும் 10 மி.லி., ஒரு நிமிடம். பேஸ்ட்டால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே ஊற்ற வேண்டும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுக்கும். தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் கறை படியும் என்பதால் மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். மற்ற பற்களை மறுநாளே மெதுவாகத் துலக்கலாம். குழியில் மஞ்சள், கிராம்பு எண்ணெய், பல்பொடி, மூக்குப்பொடி எதுவும் வேண்டாம்.

கஞ்சி என்னும் பொறி

பல் எடுத்தவருக்கு வீட்டில் அன்போடு கொடுப்பது குழைந்த அரிசிக் கஞ்சி, ஜூஸ், ஐஸ்கிரீம், பனங்கற்கண்டு போட்ட பால். மெல்ல வேண்டாத சாப்பாடு எல்லாமே சுகரைச் சட்டென்று ஏற்றும் சாப்பாடாக இருப்பது சுகர்காரரின் துரதிர்ஷ்டம். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான். “பனை, அதனால பரவாயில்ல” என்பதற்கு மீட்டர் ஒத்துக்கொள்ளாது. மெதுவாகவும் இருக்க வேண்டும், புரதமும் வேண்டும். அவித்து மசித்த முட்டை, குழைத்த பாசிப்பருப்பு, தயிர், அளவான இட்லி, மோர் விட்ட கேழ்வரகுக் கூழ், முள் நீக்கிய சீலா அல்லது விளமீன் சதையைக் காரம் குறைத்து அவித்தது. கேழ்வரகும் அளவோடுதான். காரல், சூடை போன்ற முள் மீன்களும் மொறுமொறுப்பான கருவாடும் ஒரு வாரம் கழித்து. முதல் நாள் எதையும் ஆறவைத்துச் சாப்பிடுங்கள். எடுத்த பக்கத்தில் மெல்லாதீர்கள்.

முதல் ஐந்து நாள், காலை வெறும் வயிற்றிலும் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சுகர் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். குறையச் சாப்பிட்டும் ஏறிக்கொண்டே போகிறதா? வீக்கம் தெரியும் முன்பே சீழைக் காட்டிக்கொடுக்கும் முதல் சாட்சி அந்தத் தாள்.

மெடிக்கலில் வாங்கும் ‘செட்’ மாத்திரை

சீட்டு இல்லாமல் வலிக்கு வாங்கும் நாலு மாத்திரைப் பொட்டலம்தான் இந்த விஷயத்தில் அதிகம் பயப்பட வேண்டியது. அதில் டெக்சாமெதசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் வீக்கமும் வலியும் மாயம்போல இறங்கும், சுகர் எகிறும், சீழ் அடியில் ஓசையில்லாமல் பரவும். ஆஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் இருந்தால் ஆபத்து எதிர்ப்பக்கம்: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவருக்குச் சுகரைத் திடீரென்று தாழ்த்திவிடலாம். வாயில் வெண்பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், மைகோனசோல் ஜெல் இவையும் அந்தச் சுகர் மாத்திரைகளோடு சேர்ந்து அதையே செய்யும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் இரண்டும் சுகரால் பாதித்த சிறுநீரகத்துக்கு எதிரி. ஈரல் நோயும் குடிப்பழக்கமும் இல்லாதவருக்குப் பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு சாதாரணப் பல்லுக்கு அது போதும்.

ஆன்டிபயாட்டிக் எல்லாச் சுகர்காரருக்கும் கட்டாயமல்ல. சுகர் கட்டுக்குள் இருந்து, பல்லும் சுலபமாக வந்திருந்தால் மருத்துவர் எழுதாமல் விடலாம், அது அலட்சியமல்ல. எழுதினால் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிடுங்கள். மெட்ரோனிடசோல் இருந்தால் சாராயம் கூடவே கூடாது.

மறுபடி கடலுக்கு

குறைந்தது மூன்றாம் நாள் தாண்டும் வரை படகேற வேண்டாம். ஒரு வாரம் என்றால் நிம்மதி. நடுக்கடலில் ரத்தம் கசிந்தாலோ தாடை வீங்கினாலோ கரை சேரவே மணிக்கணக்காகும். வலை இழுப்பது போன்ற பாரமான வேலை ரத்த அழுத்தத்தை ஏற்றி முதல் இரண்டு நாளில் கட்டியைத் தள்ளிவிடும். இன்சுலினைப் படகில் எடுத்துப்போகிறவர்கள் ஐஸில் நேரடியாகப் புதைக்காதீர்கள். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு அப்படியே இருக்கலாம், சரியாக வேலை செய்யாது. துணி சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸுக்குச் சற்றுத் தள்ளி.

பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் முங்குகிறவர்களுக்கு விதி இன்னும் கடுமை. மேல்தாடைக் கடைவாய்ப்பல்லின் வேருக்கும் கன்னக் குழிவறையான சைனஸுக்கும் நடுவே சில நேரம் காகிதக் கனம் எலும்புதான் இருக்கும். பல்லோடு அது உடைந்திருந்தால் குடித்த தண்ணீர் மூக்கில் வரும், மூக்கைச் சிந்தினால் குழியில் காற்று வரும். அந்த அறிகுறி தெரிந்தால் மூக்கைச் சிந்தாமல், தும்மலை அடக்காமல் வாய் திறந்து தும்மி, உடனே பல் மருத்துவரைப் பாருங்கள். மேல் கடைவாய்ப்பல் எடுத்தவர் மூச்சடக்கி முங்குவதை, குழி மூடிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தள்ளிவையுங்கள். மற்றப் பல் என்றாலும் வாயில் கடல் நீர் போகும் வேலைக்கு இரண்டு வாரம் விடுப்பு.

மூன்றாம் நாள் பார்வை

வீக்கம் இரண்டு, மூன்று நாள் வரை கூடுவது இயல்பு. அதன்பின் இறங்க வேண்டும். குழியின் மேல் வெள்ளை மஞ்சளாகப் படியும் ஏடு சீழ் அல்ல, ஆறுவதன் அடையாளம். குச்சியால் சுரண்டாதீர்கள். ஈறை அழுத்தினால் வழிவது, நாறுவது, வாயில் கெட்ட சுவை தருவது சீழ்.

மூன்று முதல் ஐந்து நாளுக்குள் வலி திடீரென்று கூடி, காதுவரை இழுத்து, குழியில் கட்டியே இல்லாமல் எலும்பு வெளிறித் தெரிந்தால் அது வறண்ட குழி. காய்ச்சலும் சீழும் இருக்காது. இதற்கு ஆன்டிபயாட்டிக் மருந்தல்ல. சலைன் விட்டுக் கழுவி மருந்துத் திரி வைத்தால் அன்றே வலி தணியும்.

மூன்றாம் நாளுக்குப் பின் வீக்கம் கூடுவது, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதது, சுகர் காரணமில்லாமல் 250க்கு மேல் நிற்பது: இதில் எது இருந்தாலும் அன்றே பல் மருத்துவர்.

தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல் போல இறுகி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்து, குரல் மாறினால் மூச்சுப்பாதை அடைபடப் போகிறது என்று பொருள். அது மணிக்கணக்கில் ஆளைக் கொல்லக்கூடியது. பல் கிளினிக்கைத் தேடாமல் உடனே 108. படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கொண்டுபோங்கள். கண் இமை வீங்குவது, பார்வை மங்குவது, மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு தெரிவது இவையும் அதே அவசரம்தான். 2021 கொரோனா அலையில் எல்லோரும் கேள்விப்பட்ட கரும்பூஞ்சை, சுகர் ஏறிய உடம்பைத்தான் முதலில் தேடும்.

தையல் போட்டிருந்தால் ஏழாம் நாள் பிரிப்பார்கள். கரையும் நூல் என்றால் தானே உதிரும். ஈறு குழியை மூட மூன்று, நான்கு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப நான்கு முதல் ஆறு மாதம். அதற்குள் ஈறைக் குத்திக்கொண்டு சிறு எலும்புத் துணுக்கு வெளியே வந்தால் பயப்பட வேண்டாம், நீங்களே பிடுங்கவும் வேண்டாம். மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். கழற்றி மாட்டும் பல்செட் கட்ட அளவெடுப்பதை இரண்டு, மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாக எடுத்தால் ஈறு சுருங்கி செட் ஆடும், ஆடும் செட் மறுபடி புண்ணாக்கும்.